நம்ம காட்டுப் பூ, நம்ம பிள்ளைத் துணியில்

(கூட்டமைப்பின் தொழில் பயிற்சிக் கூட்டத்தில் குழு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தையல் தெரிந்த உறுப்பினர்கள் ஒரு கேள்வி கேட்டீங்க. "குழந்தைத் துணி தைச்சு விக்கலாம்னு நினைக்கிறோம். ஆனா அதே ஜப்லா கடையிலயும் கிடைக்குது, சந்தையிலயும் கிடைக்குது. நம்மகிட்ட எதுக்கு வாங்குவாங்க?" என்று. நியாயமான கேள்விங்க. அதற்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் பார்க்கிறோம். பதில் துணியில் இல்லை, தையலில் இல்லை. துணி மேல் இருக்கிற படத்தில் இருக்கு.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பனியன் கம்பெனி சம்பந்தம் இல்லாத தெரு குறைவு. ஓவர்லாக் ஓட்டுறவங்க, பிசிர் வெட்டுறவங்க, செக்கிங் பார்க்கிறவங்க, அயர்ன் பண்ணி மடிக்கிறவங்க எல்லாரும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கீங்க. வெளிநாட்டு ஆர்டர் குழந்தைத் துணி உங்க கையில் வந்து போகுது. அதில் என்ன படம் இருக்குன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தென்னை மரம், பெரிய செம்பருத்திப்பூ, அன்னாசிப்பழம், ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பச்சை இலை, கடல் அலை. இந்த மாதிரிப் படங்களுக்கு "ஹவாய் பிரிண்ட்" என்று பேர்.

ஹவாய் என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கிற தீவுக் கூட்டம். 1959-இல் இருந்து அமெரிக்காவின் 50-ஆவது மாநிலம். அந்தத் தீவுப் பூ நம்ம ஊரில் அச்சாகி, வேறு ஏதோ ஒரு நாட்டுப் பிள்ளை போட்டுக்கொள்ளப் போகுது. தைக்கிறவங்களுக்குப் பீஸுக்கு இவ்வளவு, பிசிர் வெட்டுறவங்களுக்குப் பீஸுக்கு இவ்வளவு. அந்தப் பூவை வரைஞ்சவங்களுக்கு? அது வேறு கணக்கு. அந்தக் கணக்குக்குள் நாம் இதுவரைக்கும் போகவே இல்லை.

ஹவாயிலும் முதலில் வெளியூர்ப் படம்தான்

இந்த இடத்தில் ஒரு உண்மைக் கதை. ஹவாய்ச் சட்டை என்று உலகம் முழுக்கத் தெரிந்த பூப்போட்ட சட்டை 1930-களில்தான் பிரபலமானது. அந்தக் காலத்தில் அங்கே சட்டைக்கு வந்த அச்சுத் துணி பெரும்பாலும் ஜப்பானில் இருந்து வந்தது. அதனால் படமும் ஜப்பான் படம்தான். செர்ரிப்பூ, பைன் மரம், மூங்கில், புலி. ஹவாய்க்காரர் போடுகிற சட்டையில் ஹவாய்ப் பூ இல்லை!

தலைநகர் ஹொனலூலுவில் "வாட்டுமல் ஈஸ்ட் இந்தியா ஸ்டோர்" என்று ஒரு ஜவுளிக்கடை இருந்தது. நடத்தியவர்கள் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம இந்தியாக்காரர்கள். சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் இருந்து 1910-களில் அங்கே போய்க் கடை போட்ட குடும்பம். அவர்கள் 1936-இல் எல்சி தாஸ் என்ற பெண் ஓவியரிடம் ஹவாய்ப் பூக்களையே வரைந்து தரச் சொன்னார்கள். அவரும் வரைந்தார். அந்தப் படங்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பட்டில் அச்சடித்து வரவழைத்தார்கள். அதே அச்சுக்கூடம்தான், அதே கப்பல்தான். மாறியது படம் மட்டும். உள்ளூர்ப் பூ துணியில் ஏறியதும் அந்தத் துணிக்கு ஓர் ஊர் கிடைத்தது. வந்து போகிற சுற்றுலாக்காரர்கள் "இது ஹவாய்த் துணி" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு பெண் உட்கார்ந்து தன்னைச் சுற்றி இருக்கிற பூவைப் பார்த்து வரைந்தது அந்த மாற்றத்துக்கு ஒரு பெரிய காரணம். இதை மனசில் வச்சுக்கோங்க.

அந்தத் தீவுச் செடி நம்ம தோட்டத்திலும் இருக்கு

ஹவாய்க்கு முதலில் குடியேறிய மக்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிய படகுகளில் கடல் கடந்து வந்தவர்கள். வரும்போது பிழைப்புக்கு வேண்டிய செடிகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். என்னென்ன தெரியுங்களா? சேப்பங்கிழங்கு, வாழை, தென்னை, கரும்பு, மஞ்சள். கேட்டால் நம்ம பவானிக் கால்வாய்ப் பாசனக் கணக்கு மாதிரி இருக்கு இல்லைங்களா? பூவரசும் அங்கே உண்டு. அந்த மரத்தில் அவர்கள் சாப்பாட்டுக் கிண்ணம் கடைவார்கள். நம்ம பிள்ளைகள் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும்.

சேப்பங்கிழங்கு அவர்களுக்கு வெறும் கிழங்கு இல்லை. மனுச குலத்துக்கே மூத்த அண்ணன் என்று அவர்கள் கதை சொல்கிறது. முதலில் பிறந்த குழந்தை இறந்து, புதைத்த இடத்தில் சேம்பு முளைத்ததாம். அடுத்துப் பிறந்தவன்தான் முதல் மனிதனாம். அதனால் தம்பி அண்ணனைப் பார்த்துக்கொள்ளணும், அண்ணன் தம்பிக்குச் சோறு போடணும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்ம காப்புக் கட்டு மாதிரி, செடியைக் குடும்பத்தில் ஒருவராகப் பார்க்கிற வழக்கம்.

துணியும் அப்படித்தான். பருத்தி இல்லாத காலத்தில் ஒருவகை மல்பெரி மரத்தின் பட்டையை ஊற வைத்து, கட்டையால் தட்டித் தட்டித் துணியாக்கினார்கள். மூங்கில் சிம்பில் கோடு, முக்கோணம் செதுக்கி, சாயத்தில் தோய்த்து அச்சு வைத்தார்கள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் கிழங்கையே பயன்படுத்தினார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம் என்று வச்சுக்கலாம்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கு. ஹவாய்ப் பிரிண்டைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. அவர்கள் செய்த மாதிரி, நம்ம கண் முன்னால் இருக்கிறதைப் பார்த்து நாமே வரையணும் என்கிறோம்.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

"எங்க ஊர்ல என்னங்க இருக்கு, வெறும் வேலிக்காத்தான்" என்று சொல்லாதீங்க. வரிசையாகச் சொல்றோம், கேளுங்க.

முதலில் காப்புக் கட்டு. போகிப் பண்டிகை அன்று வாசல் கூரையில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துச் சொருகுவோம். மஞ்சள், வெள்ளை, பச்சை. மூன்றே நிறம். ஒரு குழந்தைத் துணிக்கு இதை விட நல்ல நிறச் சேர்க்கை வேண்டுமா? ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ். பூளைப்பூ பஞ்சு மாதிரி. வேப்பிலை ஓரம் ரம்பப் பல் மாதிரி. மூன்றும் மூன்று வடிவம், ஒன்றோடு ஒன்று குழம்பாது.

இரண்டாவது, பருத்திப் பூ. நம்ம கரிசல் காட்டுப் பருத்திப் பூ காலையில் வெளிர் நிறத்தில் மலரும், வாடும்போது இளஞ்சிவப்பாக மாறும். பருத்தித் துணியில் பருத்திப் பூ! பருத்தி, வெண்டை, பூவரசு, செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பத்துச் செடி. ஹவாயின் மாநிலப் பூவும் அதே குடும்பத்து மஞ்சள் செம்பருத்திதான். 1988-இல் அறிவித்தார்கள்.

மூன்றாவது, நம்ம மாநிலப் பூ செங்காந்தள். மூலனூர், தாராபுரம் பக்கத்து அக்காமாருக்கு இது கண்வலிக்கிழங்கு. விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிர் செய்றீங்க. ஆறு இதழும் தீ நாக்கு மாதிரி மேலே வளைஞ்சு நிற்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. இலை நுனி சுருண்டு கொடியைப் பிடிக்கும். பார்த்துப் பார்த்து வரையலாம். ஒன்று மட்டும், அந்தச் செடி முழுக்க விஷம். துணியில் படம் போடலாம், பிள்ளை கையில் பூவைக் கொடுக்கக் கூடாது.

நான்காவது, காங்கயம் கொரங்காடு. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், கீழே மாடு. காங்கயம் மாட்டில் ஒரு விசேஷம் உங்களுக்கே தெரியும். கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாதம் வாக்கில் நிறம் மாறிச் சாம்பல் ஆகும். சாம்பல் தாய், செவலைக் கன்று. சின்னப் பிள்ளை அதைப் பார்த்து "அம்மா, குட்டி" என்று சொல்லாமல் இருக்குமா?

இன்னும் இருக்கு. பனை மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு. எருக்கஞ்செடியில் முட்டை இடுகிற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி. சோளக் கதிர், கம்பங் கதிர். சேப்ப இலையில் உருளும் தண்ணீர். வள்ளி கும்மியில் வட்டமாக நின்று கை கொட்டும் பெண்கள். வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்ம கலைக்கு மதிப்பு இருக்குங்க. நாம் துணியில் போடவில்லை, அவ்வளவுதான்.

இதில் பிள்ளைகளுக்கும் ஒரு லாபம் உண்டு. நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது பார்க்கிறோம். அங்கன்வாடிப் பிள்ளை சுவரில் இருக்கிற ஆப்பிளைக் காட்டிப் பேர் சொல்லுது. வாசலில் இருக்கிற ஆவாரையைக் கேட்டால் "செடி" என்று சொல்லுது. சட்டையில் இருந்தால் தினமும் கேட்கும். பாட்டி பேர் சொல்லுவாங்க. பேர் தெரிந்த செடியைப் பிள்ளை பிடுங்கிப் போடாது.

வரையத் தெரியாதே என்று சொல்லாதீங்க

கோலம் போடத் தெரியுங்களா? அப்போ வரையத் தெரியும். துணி அச்சில் "ரிப்பீட்" என்று சொல்வார்கள். ஒரே படம் இடம் விட்டு இடம் வந்துகொண்டே இருப்பது. அது புள்ளிக் கோலக் கணக்குதான். நேர்ப்புள்ளி வைத்தால் படம் வரிசையாக வரும். ஊடுபுள்ளி வைத்தால் செங்கல் கட்டு மாதிரி மாறி மாறி வரும். கம்பெனியில் கம்ப்யூட்டரில் செய்வதை நீங்கள் வாசலில் தினமும் செய்றீங்க.

முதல் பயிற்சிக்குக் காசு வேண்டாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்க. உள்ளே பூ மாதிரி இருக்கும். மிச்சம் இருக்கிற பெயிண்டில் தொட்டுப் பழைய நோட்டில் வையுங்க. வாழை மட்டையை வெட்டி வச்சால் பிறை பிறையாக வரும். ஹவாய்க்காரர் மூங்கில் சிம்பில் செய்தது இதே வேலைதான்.

இரண்டாவது பயிற்சி செய்தித்தாளில். ஹவாய்ப் பெண்கள் போர்வை தைக்கும்போது துணியை எட்டாக மடிப்பார்கள். ஒரு இலையில் பாதியை மட்டும் வரைந்து வெட்டுவார்கள். பிரித்தால் பெரிய பூ வட்டம் கிடைக்கும். சீமைப்பலா இலை வடிவம் அதில் பேர் போனது. நீங்கள் செய்தித்தாளை எட்டாக மடித்து ஆவார இலையையோ முருங்கை இலையையோ வெட்டிப் பாருங்க. பத்துப் பேர் வெட்டினால் பத்தும் வேறு வேறாக வரும்.

மூன்றாவது, காலையில் காட்டுக்குப் போகும்போது நோட்டும் பென்சிலும் எடுத்துட்டுப் போங்க. பூவை முன்னால் வச்சு இதழை எண்ணுங்க. இலை எதிர் எதிராக இருக்கா, மாறி மாறி இருக்கா பாருங்க. நினைவில் இருந்து வரைந்தால் எல்லாப் பூவும் ஒரே மாதிரி வந்துவிடும். பார்த்து வரைந்தால்தான் ஆவாரை ஆவாரையாக இருக்கும். பெயர் சந்தேகமாக இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம். தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் கோவையில்தான் இருக்கு.

பிள்ளைத் துணிக்குப் படம் பெரியதாக, கோடு தடிமனாக, நிறம் இரண்டு மூன்றுக்குள் இருக்கட்டும். சாமி படம் வேண்டாம். பிள்ளை உட்காரும், மூத்திரம் போகும். நம்ம சாமி, பக்கத்து வீட்டு சாமி எதுவும் வேண்டாம்.

அச்சும் சாயமும்

ஸ்கிரீன் பிரிண்ட் பற்றிப் பட்டறையில் வேலை செய்தவங்களுக்குத் தெரியும். மரச் சட்டத்தில் வலைத்துணி கட்டி, படம் இருக்கிற இடத்தில் மட்டும் கலர் இறங்குகிற மாதிரி செய்வார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று நிறம் என்றால் மூன்று ஸ்கிரீன். ஒரு ஸ்கிரீன் செய்ய 600 ரூபாய் என்று வச்சுக்குவோம். 50 துணி அச்சடித்தால் துணிக்கு 12 ரூபாய் விழும். 500 துணி அடித்தால் 1 ரூபாய் 20 காசு. அதனால் முதலில் ஒரே நிறம் போதும். சாயம் போட்ட துணி ஒரு நிறம், அச்சு ஒரு நிறம். கண்ணுக்கு இரண்டு நிறம் வந்துவிடும். மரக்கட்டை அச்சும் நல்லது. ஒருமுறை செதுக்கினால் வருசக் கணக்கில் வரும்.

கைக்குழந்தை துணியை வாயில் வச்சுச் சப்பும். அதனால் சில விசயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஒன்று, தண்ணீரில் கரைக்கிற கலர் மட்டும் வாங்குங்க. ரப்பர் மாதிரி தடிமனாக மினுமினுக்கும் பிளாஸ்டிக் பிரிண்ட் கைக்குழந்தைக்கு வேண்டாம். இரண்டு, கடைக்காரரிடம் தடை செய்யப்பட்ட அசோ சாயம் இல்லை என்று பில்லிலோ சீட்டிலோ எழுதி வாங்குங்க. புற்றுநோய் ஆபத்துள்ள அந்த வகைச் சாயங்கள் பலவற்றை 1990-களில் ஜெர்மனியும் இந்தியாவும் தடை செய்தன. மூன்று, அச்சடித்ததைச் சொன்ன சூட்டில் சொன்ன நேரம் காய வைக்கணும். அவசரப்பட்டால் முதல் துவைப்பிலேயே போய்விடும். நான்கு, ஈர வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்க. கலர் ஒட்டினால் அந்தத் துணி விற்பனைக்குப் போகக் கூடாது. ஐந்து, கழுத்தில் நாடா, ஒட்டு மணி, கல், சம்கி வேண்டாம். பிய்ந்தால் பிள்ளை விழுங்கிவிடும்.

"மஞ்சள்லயே சாயம் போடலாமே" என்று சிலர் கேட்பீங்க. மஞ்சள் நல்லதுதான், ஆனால் வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். நிற்கும் என்று சொல்லி விற்றால் ஏமாற்றினது ஆகும்.

கழிவுத் தண்ணீரையும் பேசணும். நொய்யலுக்கு என்ன ஆச்சுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை மாடு கூடக் குடிக்க முடியாமல் போனது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை, கழிவுநீரை முழுசாகச் சுத்தம் செய்கிற வரைக்கும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாம் அச்சடிக்கிறது கொஞ்சம்தான். கொஞ்சம் என்றாலும் ஸ்கிரீன் கழுவின தண்ணீரை வாய்க்காலில் விடாதீங்க. முதலில் கலரைக் கரண்டியால் வழித்து டப்பாவில் போட்டு, அப்புறம் கழுவுங்க. ஆவாரம்பூவைத் துணியில் போட்டுட்டு, ஆவாரை முளைக்கிற மண்ணில் சாயத்தை ஊற்றலாமா?

படம் யாருக்குச் சொந்தம்?

இதுதான் ரொம்ப முக்கியமான பகுதி. ஊக்குநர்கள் குறித்துக்கோங்க.

செடி யாருக்கும் சொந்தம் இல்லை. ஆவாரம்பூவை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் நீங்கள் வரைந்த ஆவாரம்பூ உங்களுடையது. அதே மாதிரி மற்றவர் வரைந்தது அவருடையது. செல்போனில் வந்த படத்தை எடுத்து அச்சடிக்கக் கூடாது. ஹவாய்ப் பெண்களிடம் ஒரு வழக்கம் சொல்வார்கள். ஒருவர் வெட்டிய போர்வை வடிவத்தை அவரைக் கேட்காமல் இன்னொருவர் எடுக்க மாட்டார்களாம். நம்ம பக்கத்து மலையிலேயே உதாரணம் இருக்கு. நீலகிரித் தோடர் பெண்களின் பூ வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிவப்புக் கறுப்பு வடிவத்தை நாம் அச்சடித்துத் தோடர் வேலை என்று விற்றால், இன்னொரு பெண் வயிற்றில் அடிக்கிறதுதான். 2005-இல் பதிவான பவானி ஜமக்காளப் பேரை வேறு ஊர்த் துணிக்கு வைத்தால் நம்ம நெசவாளிக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

சரி, நம்ம படத்தை மற்றவர் எடுத்துக்கொண்டால்? இதற்குச் சட்டம் இருக்கு. வடிவமைப்புச் சட்டம் 2000 என்று பேர். புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து வருசம் உரிமை, அப்புறம் ஐந்து வருசம் நீட்டிக்கலாம். பதிவு அலுவலகம் கொல்கத்தாவில், இணையம் வழியாகவும் மனு போடலாம். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வெளியில் காட்டின பிறகு அது "புதியது" ஆகாது. ஆகவே பதிவு பண்ணப் போகிற படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெருமைப்படாதீங்க. பதிவுக்கு அப்புறம் போடுங்க. அடுத்தது, பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதிவு செய்யாமலேயே தொழில் முறையில் 50 துணிக்கு மேல் அடித்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் படத்தின் மேல் இருந்த உரிமை போய்விடும். ஐம்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கைங்க. ஒரு காதுகுத்து ஆர்டரிலேயே முடிந்துவிடும். ஆகவே எந்தப் படம் நன்றாகப் போகும் என்று நம்புறீங்களோ அதை முதலிலேயே பதிவு செய்யணும். மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். நாங்களும் கூட வருகிறோம்.

குழுவுக்குள்ளும் தெளிவு வேண்டும். யார் வரைந்தது, எந்தத் தேதி, குழுவுக்கு எந்த நிபந்தனையில் கொடுக்கிறார் என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு ஆர்டர் பெரிசானால் "என் பூ, உன் பூ" என்று சண்டை வரக் கூடாது.

விலை போடும்போது

கணக்குப் பழகுவதற்காக ஒரு ஜப்லாவுக்கு இப்படி எழுதுவோம். துணி 45 ரூபாய், தையல் கூலி 20, அச்சு 12, பை, லேபிள் 5, சேதாரம் 5, படம் வரைந்தவர் பங்கு 3. மொத்தம் 90. இதன் மேல் குழு லாபமும் கடைக்காரர் பங்கும். உங்க ஊர் விலையைக் கேட்டு எண்களை மாற்றிக்கோங்க. ஆனால் இரண்டு வரியை மட்டும் யாரும் அடிக்கக் கூடாது. ஒன்று தையல் கூலி. "நம்ம குழுதானே, சும்மா தைச்சுடலாம்" என்று ஆரம்பித்தால் நாலு மாதத்தில் தைக்க ஆள் இருக்காது. இன்னொன்று படத்தின் பங்கு. மூன்று ரூபாய் சின்னதுதான். ஆனால் இத்தனை வருசம் பீஸ் கணக்கில் உழைத்த கைக்கு, யோசித்ததற்கும் சேர்த்து விலை கிடைக்கிற முதல் மூன்று ரூபாய் அது.

எங்கே விற்பது? ஏற்றுமதியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அவர்கள் கேட்கிற எண்ணிக்கையும் தேதியும் நம்மால் முடியாது. நம்ம ஊரிலேயே காதுகுத்து, தாய்மாமன் சீர், பேர் வைக்கிற விசேசம் இருக்கு. சீர்த்தட்டில் ஆவாரம்பூ போட்ட ஜப்லா, அதே படம் போட்ட தொட்டில் சீலை, ஒரு சின்னத் தலையணை உறை. மூன்றும் சேர்த்து ஒரு செட். கூடவே ஒரு சீட்டு: இந்தப் பூவின் பேர், எங்கே பூக்கும், எந்தக் குழுவில் யார் வரைந்தது. அந்தச் சீட்டு கடை ஜப்லாவில் கிடைக்காது. மகளிர் குழுப் பொருட்கள் விற்கிற மதி அங்காடி, கல்லூரிச் சந்தை, கண்காட்சிகளிலும் வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். மெஷின் வாங்க என்று வங்கிக் கடனுக்கு இப்போதே ஓடாதீங்க. குழுவில் இருக்கிற தையல் மெஷினே போதும். உள்கடனில் சின்னத் தொகை எடுத்து, நாலு படத்தில் பத்துப் பத்தாக நாற்பது துணி மட்டும் செய்யுங்க. ஐம்பதுக்குள் நிற்கட்டும். எது முதலில் தீருது, எது மிஞ்சுது என்று நோட்டில் எழுதுங்க. விற்காமல் போனால் நம்ம பிள்ளைகள் போட்டுக்கும், பெரிய நட்டம் இல்லை. விற்றால் நன்றாகப் போன படத்தின் தையல், விலை பற்றி அடுத்துப் பேசுவோம். ஒரு விசயம், பதிவு செய்யணும் என்று முடிவு பண்ணின படத்தை அந்த நாற்பதில் சேர்க்காதீங்க. விற்பனைக்கு வைத்தாலும் வெளியில் காட்டினதுதான். அதைப் பீரோவில் வையுங்க.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு குழுவும் இந்த நான்கையும் தீர்மான நோட்டில் எழுதுங்க.

1. உங்கள் ஊரில் இருக்கிற பத்துச் செடி, பறவை, மாடு, பூச்சியின் பேர். வயசான அம்மாக்களிடம் கேட்டு உள்ளூர்ப் பேரையே எழுதுங்க.

2. ஒரு உறுப்பினருக்கு ஒரு படம். நேரில் பார்த்து வரைந்தது. வரைந்தவர் பேரும் தேதியும் கீழே இருக்கணும்.

3. வெண்டைக்காய் அச்சு, செய்தித்தாள் வெட்டு இரண்டும் செய்து பார்த்தது.

4. உங்கள் ஊர்க் கடையில் விசாரித்த துணி, கலர், ஸ்கிரீன் விலை.

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் கண்டிப்பாக வரையணும். கோலத்தில் யாருக்கும் எழுத்து தேவைப்பட்டதில்லை. குழுவில் ரொம்ப அமைதியாக உட்கார்ந்திருக்கிற அம்மிணி கையில்தான் நல்ல பூ இருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். அவங்ககிட்ட முதலில் பென்சிலைக் கொடுங்க.

வர்ற காப்புக் கட்டுக்கு முன்னால் ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளையாவது நம்ம படம் போட்ட துணி போட்டிருக்கணும். அது நம்ம இலக்கு. முடியுங்களா? முடியும்.